வயர் படிக்கிறான்

மேனேஜர் கண்ணாடிச் சுவரில் மூக்கு ஒட்டும்படி நின்று பார்த்தார். சந்தேகமே இல்லை. சர்வர் அறைக்குள் வயர் ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தான்.

சாதாரணப் புத்தகம் இல்லை, தலையணை கனம். புத்தம் புதுசாகப் பளபளத்தது. வயர் அதைத் தூக்கிப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான், எத்தனை தடிமன் என்று விரலை வைத்துப் பார்த்தான். பெற்ற பிள்ளையைக்கூட எவனும் அப்படிப் பார்த்திருக்க மாட்டான். அட்டையில் ‘லினக்ஸ்: தொடக்கநிலைச் சான்றிதழ்த் தேர்வுக்கு முழு வழிகாட்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மேனேஜர் கதவைத் திறந்தார். வயர் படக்கென்று புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“என்னப்பா அது?”

“எது சார்?”

“கையில.”

“ஒண்ணுமில்ல சார். சும்மா.”

‘சும்மா’ என்று எவனாவது சொன்னால் அதை நம்புகிற வழக்கம் மேனேஜருக்குக் கிடையாது. அந்த மருந்துக் கிடங்கில் வேலை செய்கிற அத்தனை பேரும் அவரை முதுகுக்குப் பின்னால் ‘மோப்பம்’ என்றுதான் சொல்வார்கள். கழிவறைக்குப் போகிறவன் கைபேசியை எடுத்துக்கொண்டு போனால், “யார்கிட்ட பேசப் போறே?” என்பார். மேஜையில் வைத்துவிட்டுப் போனால், “ஏன் வச்சுட்டுப் போறே?” என்பார். மனுஷன் பொல்லாதவர் இல்லை. நம்பிக்கை என்கிற ஒரு சாமான் மட்டும் அவரிடம் ஸ்டாக் இல்லை, அவ்வளவுதான்.

வயர் என்பவன் அந்தக் கிடங்கின் சிஸ்டம் ஆள். தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள் தொங்கும், அதனால் அந்தப் பெயர். எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்கு எது போகிறது, பில் எப்படி வருகிறது, எல்லாம் அந்தச் சர்வர் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். சர்வரைப் பற்றி வயருக்கு மட்டும்தான் தெரியும்.

இதில் மேனேஜருக்கு ஒரு பழைய சூடு உண்டு. இதற்கு முன்னால் இருந்த சிஸ்டம் ஆள் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போனவன், வேறு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். கிடங்கு அப்படியே நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்கள் போனில் கத்தினார்கள். தலைமை அலுவலகத்து டைரக்டர் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். “இன்னொரு தடவை சிஸ்டம் ஆள் போனா, அவன் பின்னாடியே நீங்களும் கிளம்பிடுங்க.”

தலை பாதி நரைத்துவிட்ட இந்த வயதில் கிளம்பி எங்கே போவது?

மேனேஜர் நேரே கணக்கம்மாவிடம் போனார். பில் பிரிவில் இருக்கிற அந்த அம்மாவைக் கேட்டால் ஊர்ப்பட்ட விஷயம் வரும்.

“இந்த லினக்ஸ் பரீட்சைன்னு ஒண்ணு இருக்காமே, அதை எழுதினா என்னம்மா பிரயோஜனம்?”

“ஐயோ, என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? என் நாத்தனார் பையன் அதை எழுதித்தானே வேலை மாறினான்! லினக்ஸ்ங்கறது சர்வரை ஓட்டற சாஃப்ட்வேர், அதுல இது ஆரம்பப் பரீட்சைதான் சார். ஆனா விண்ணப்பத்துல அந்த ஒரு வரி இருந்தா இன்டர்வியூவுக்குக் கூப்பிடறாங்க. உள்ள போறதுக்கு அது ஒரு டிக்கெட்டு.”

“உள்ள போறதுக்கா, வெளிய போறதுக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்? இங்கேர்ந்து வெளிய போனாத்தான் அங்க உள்ள போக முடியும்.”



அன்று முதல் மேனேஜர் வயரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்க விஷயம் கனத்துக்கொண்டே போயிற்று. முதலாவது, அந்தப் புத்தகம் மறுநாளே மாயமாகிவிட்டது. மேஜையில் இல்லை, அலமாரியில் இல்லை, பையிலும் இல்லை. பையை அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்காதீர்கள். ஒருவன் புத்தகத்தை இப்படி ஒளித்து வைக்கிறான் என்றால் அதன் பின்னணி என்ன?

அப்புறம் அந்த மானிட்டர். முன்பெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வயரின் முகம் முழுதாகத் தெரியும். இப்போது மானிட்டர் பாதி முகத்தை மறைத்தது. நம் கண்ணில் படாமல் படிப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று மேனேஜர் முடிவுகட்டினார்.

எல்லாவற்றையும்விட மோசம், வயர் தலையைத் திருப்புகிற விதம். வேலையை நிறுத்துவான். மெதுவாக இடது பக்கம் பார்ப்பான். மெதுவாக வலது பக்கம் பார்ப்பான். மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான். திருடன்கூட இத்தனை பக்கம் பார்க்க மாட்டான்.

அதோடு, தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மேனேஜர் ஒரு நாள் பின்னாலேயே போனார். அடுத்த தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டிடம். வயர் படியேறினான். முதல் மாடியில் ‘கம்ப்யூட்டர் பயிற்சி மையம்’ என்று பெரிய போர்டு. அதற்கு மேலே பல் டாக்டர், தையல் வகுப்பு, வக்கீல், ஏதோ கிளினிக் என்று இன்னும் நிறைய போர்டுகள் இருந்தன. மேனேஜர் முதல் போர்டுக்கு மேல் படிக்கவேயில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினார்.

“வகுப்புக்கே போறான்டி! நம்ம சாப்பாட்டு நேரத்துல!”

“சாப்பாட்டு நேரம் அவனோடதுதானே, நம்மளோடதா?” என்றாள் மனைவி.

“அவன் போயிட்டான்னா என்னையும் அனுப்பிடுவாங்க.”

“அப்ப படிக்க நேரமில்லாம வேலை குடுங்க. கல்யாணத்துக்கப்புறம் எனக்கு நீங்க பண்ணினீங்களே, அந்த மாதிரி.”

இரண்டாவது வாக்கியத்தை மேனேஜர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முதல் வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் பழைய பில்களை எல்லாம் ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றும்படி வயரிடம் சொன்னார். அட்டைப்பெட்டிகள் சர்வர் அறையின் வாசல் வரை அடுக்கப்பட்டன. வயர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பகல் முழுவதும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்தான்.

பலன் என்ன? தலையைத் திருப்புவது இரண்டு மடங்காயிற்று. மத்தியானம் மட்டும் போனவன் சாயங்காலமும் அந்தக் கட்டிடத்துக்குப் போக ஆரம்பித்தான்.

“ரெண்டு வேளையும் வகுப்பு!” என்றார் மேனேஜர் வீட்டில். “நான் வேலை குடுக்கக் குடுக்க வெறி பிடிச்சுப் படிக்கிறான்டி!”

“அப்ப அன்பா நடந்து பாருங்க. அதையும் ஒரு தடவை செஞ்சு பார்த்தா என்ன?”

அன்பாக நடப்பது மேனேஜருக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் முயன்றார். வயருக்கு ஒரு புது சுழல் நாற்காலியும் ‘சிஸ்டம் அதிகாரி’ என்ற பட்டமும் வேண்டும் என்று டைரக்டருக்கு மெயில் அனுப்பினார். ‘எதற்கு?’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. பயத்தில் இருக்கிறவன் எழுதினால் கை நிற்குமா? மேனேஜர் எழுதித் தள்ளிவிட்டார். இந்த இளைஞரை வெளியே பலர் வலைவீசித் தேடுகிறார்கள், லினக்ஸ் சான்றிதழ் அவர் கைக்கு வந்த மாதிரிதான், சர்வர் என்ன, இந்தக் கிளையையே நடத்தக்கூடிய திறமை அவரிடம் இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினார்.

நாற்காலி வந்தது, பட்டமும் வந்தது. கூடவே டைரக்டரின் போனும் வந்தது.

“ரொம்ப நல்ல சேதி சொன்னீங்க. நம்ம எல்லாக் கிளையையும் லினக்ஸுக்கு மாத்தணும்னு ரொம்ப நாளா பேசிட்டிருக்கோம். சான்றிதழ் வாங்கின ஆள் ஒருத்தர்கூட இல்லாம நின்னுபோச்சு. உங்க கிளையிலேர்ந்தே ஆரம்பிச்சுடலாம். மாசக் கடைசிக்குள்ள அந்தச் சான்றிதழோட காப்பியை அனுப்பிடுங்க.”

“சார், அது வந்து...”

“வராதா?”

“வந்துடும் சார்!”

மேனேஜர் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பரீட்சை எழுதாமல் ஒருவனைத் தடுக்க இத்தனை நாள் பாடுபட்டவர், இப்போது அவன் பாஸாக வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளவும் வேண்டியதாயிற்று. பாஸானால் வயர் போய்விடுவான், தானும் போகவேண்டும். பாஸாகாவிட்டால் டைரக்டரிடம் பொய் சொன்ன குற்றத்துக்குத் தான் மட்டும் போகவேண்டும்.

கண்ணாடி வழியாகப் பார்த்தார். புது நாற்காலியில் உட்கார்ந்து வயர் இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான்.

‘இரு, இரு. நீ போனாலும் கிடங்கு நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மனதுக்குள் கறுவினார் மேனேஜர். அன்றே நாலு தெரு தள்ளியிருந்த ஒரு கடையில் அதே புத்தகத்தை வாங்கினார். கடைக்காரர், “பையனுக்கா சார்?” என்றார். “ஆமா” என்று சொல்லிவிட்டு, இவன் ஏன் கேட்கிறான் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

முதல் அத்தியாயம் புரியவில்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, ஒரு புள்ளி பிசகினால் முகத்தில் அடித்தாற்போல ஒரு பதில். இரண்டாவது அத்தியாயமும் அப்படித்தான். ஃபைல்களுக்கு அனுமதி கொடுக்கிற அத்தியாயம் வந்ததும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃபைலையும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று தனித்தனியாக முடிவு செய்யலாமாம். யார் எப்போது உள்ளே வந்தான், என்ன செய்தான், எப்போது வெளியே போனான் என்று அது தானாகவே எழுதி வைத்துக்கொள்ளுமாம்.

“ஆஹா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். “எவனையும் நம்பாதேன்னு புஸ்தகம் போட்டே சொல்லித் தர்றாங்கடி! இது தெரியாம இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டேனே!”

அந்த வாரமே வீட்டில் அமல்படுத்தினார். பீரோவில் அவருடைய தட்டைத் திறக்க மனைவிக்கு அனுமதி கிடையாது, பார்க்க மட்டும் அனுமதி என்று ஒரு சீட்டு ஒட்டினார்.

மனைவி அதைப் படித்துவிட்டு வந்தாள். “வாஷிங் மெஷினை இயக்குற அனுமதி யாருக்குங்க?”

“அது... அதை இன்னும் யோசிக்கல.”

“நான் யோசிச்சுட்டேன். உங்களுக்கு மட்டும்தான். அழுக்குத் துணி கூடையில இருக்கு.”

ஆபீசிலும் நிலைமை சரியில்லை. மேனேஜர் அறைக்கதவு எந்நேரமும் சாத்தியிருந்தது. உள்ளே யாராவது போனால் மேஜைக்கடியில் எதையோ தள்ளினார். வாய் தானாக முணுமுணுத்தது. “மோப்பம் வேற இடம் பார்த்துக்கிட்டிருக்கு” என்று கணக்கம்மா பில் பிரிவில் சொன்னாள். அது சாயங்காலத்துக்குள் லாரி ஏற்றுகிறவர்கள் வரைக்கும் போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் வயர் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“சார், சனிக்கிழமை லீவு வேணும்.”

“எதுக்கு?”

“சொந்த விஷயம் சார். முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருக்கேன். தள்ளிப்போட முடியாது.”

பதிவு பண்ணியிருக்கிறானாம்! பரீட்சையேதான்! மேனேஜர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் லீவு கொடுத்தார். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அதே சனிக்கிழமைக்குத் தானும் அந்தப் பரீட்சைக்குப் பதிவு செய்தார். கையும் களவுமாகப் பிடித்த மாதிரியும் ஆயிற்று, படித்ததை எழுதிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. நகரத்தில் இருப்பதே ஒரே ஒரு தேர்வு மையம்தான். எங்கே போய்விடுவான்?

சனிக்கிழமை தேர்வு மையத்தின் வாசலிலேயே கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். பர்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். சட்டைக் கையை மடித்துப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். மேலே நாலு மூலையிலும் கேமரா இருந்தது. மற்றவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். மேனேஜருக்கோ சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. இத்தனை ஒழுங்காகச் சந்தேகப்படுகிற இடத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் வயரைத் தேடினார். இடது பக்கம் பார்த்தார், இல்லை. வலது பக்கம் பார்த்தார், அங்கும் இல்லை. எழுந்து பின்னால் பார்த்தார்.

மேற்பார்வையாளர் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “என்ன சார் தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா.”

“சும்மாவா? வந்ததுலேர்ந்து பார்த்துட்டிருக்கேன், உங்க முழியே சரியில்ல. இன்னொரு தடவை பக்கத்து ஸ்கிரீனைப் பார்த்தா வெளிய அனுப்பிடுவேன்.”

தன்னைப் பார்த்து ஒருத்தி இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே! மேனேஜருக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ரோஷத்திலேயே மளமளவென்று எழுதி முடித்தார். கடைசிக் கேள்விக்குப் பதில் கொடுத்ததும் திரையில் ‘தேர்ச்சி’ என்று வந்தது. யாரையோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்து, மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு இரண்டு முறை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில், பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை வயர் முகமெல்லாம் தெளிவாக வந்தான்.

“போன காரியம் என்னாச்சு?”

“நல்லபடியா முடிஞ்சுது சார். இனிமே தினமும் வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க.”

பாஸாகிவிட்டான்! வகுப்பும் முடிந்துவிட்டது! பரீட்சையை வேறு நேரத்தில் போய் எழுதியிருக்கிறான், கள்ளன். மேனேஜர் குரலைத் தேனாக்கிக்கொண்டார்.

“அந்தச் சான்றிதழைக் கொஞ்சம் குடுப்பா. ஒரு காப்பி எடுத்துட்டுத் தந்துடறேன்.”

“என்ன சான்றிதழ் சார்?”

“லினக்ஸ் சான்றிதழ்.”

“எங்கிட்ட ஏது சார் அதெல்லாம்?” என்று கேட்டுவிட்டு, வயர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தபடியே போனான்.

என்ன நடிப்பு! புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோகப் பத்திரமாக வைத்திருக்கிறான், இங்கே காட்டுவானா? அதற்குள் மாசக் கடைசி வந்துவிட்டது. டைரக்டரின் உதவியாளரிடமிருந்து காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன். “சான்றிதழ் எங்க சார்? இருக்கா, இல்லையா? டைரக்டர் கோபமா இருக்காரு.”

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தக் கிளையில் சான்றிதழ் வாங்கிய ஆள் ஒருவர் வேண்டும், அவ்வளவுதானே? ஆள் யாராயிருந்தால் என்ன? மேஜை இழுப்பறையைத் திறந்தார். தன் சான்றிதழை ஸ்கேன் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் டைரக்டரே பேசினார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

“நீங்களா! இந்த வயசுல, யாருக்கும் சொல்லாம படிச்சுப் பாஸ் பண்ணியிருக்கீங்களே! மேஜையில உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டு இருக்க வேண்டிய ஆளா நீங்க? இன்னியிலேர்ந்து சர்வர் அறையை நீங்களே எடுத்துக்கங்க. லினக்ஸ் மாத்துற வேலை முழுக்க உங்க பொறுப்பு.”

“சார், அப்ப மேனேஜர் வேலை?”

“அதுக்கு என்ன கவலை? இந்தக் கிளையையே நடத்தக்கூடிய ஆள்னு நீங்களே எழுதியிருந்தீங்களே, அந்த இளைஞர் பார்த்துக்கட்டும். உங்க வார்த்தையை நான் முழுசா நம்பறேன்.”

தன்னை ஒருவர் முழுசாக நம்புவது மேனேஜருக்கு அதுவே முதல் தடவை. அது இப்படி வந்து முடியும் என்று அவர் நினைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் வயர் கூச்சப்பட்டுக்கொண்டே மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்தான். கணக்கம்மா அவனுக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். பழைய மேனேஜர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தார். மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. அறையைக் கூட்டித் துடைக்கிற அக்கா மூலையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். மானிட்டர் மிகவும் உயரத்தில் இருந்தது. வயர் நெட்டை, இவர் குட்டை. அண்ணாந்துதான் பார்க்கவேண்டியிருந்தது. மானிட்டருக்கு அடியில் துணி போட்டு மூடி எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். துணியை விலக்கினார்.

தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தின் முதுகு. அதில் கொட்டை எழுத்தில் ‘லினக்ஸ்’.

“பார்த்தீங்களா!” என்று அறை அதிரக் கத்தினார். “இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கான்! எனக்கு அப்பவே தெரியும்! இதைப் படிச்சுத்தான்...” என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை உருவப்போனார்.

“ஐயையோ, எடுக்காதீங்க சார், டிவி சாஞ்சிடும்!” என்று துடைக்கிற அக்கா ஈரக்கையோடு ஓடிவந்தாள். “தம்பிக்குக் கழுத்து வலி சார். இதை உசத்தி வச்சுக்கோ, தலையை இப்படியும் அப்படியும் திருப்புன்னு அந்தக் கட்டிடத்து டாக்டர் சொன்னாராம். உங்களுக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. முன்னாடி இருந்தவரு சாப்பிடப் போய்த் திரும்பி வராம போனாரே, அவரு அலமாரியில இந்தப் புஸ்தகம் கிடந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன். நல்லாப் பாருங்க, அதோட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் யாரும் பிரிக்கல!”